நிறைந்தே வீடு திரும்பும் தண்ணீர் பாட்டில்

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. திருப்பூரில் ஒரு தனியார் நர்சரி பிரைமரி பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நான் பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப இரவு ஏழரை ஆகிவிடும். அவள் அப்பா ஜனவரியில் வேலைக்காகக் கத்தார் போய்விட்டார். என் அம்மாதான் வீட்டில் பார்த்துக்கொள்கிறார். இந்த ஆண்டு வகுப்பை மாடிக்கு மாற்றிவிட்டார்கள். ஜூலையிலிருந்து காலையில் வயிறு வலிக்கிறது என்று அழுகிறாள். சனி, ஞாயிறு வலிப்பதில்லை. டாக்டர் கேஸ் என்று சிரப் கொடுத்தார். பிடிவாதமும் கூடிவிட்டது. தண்ணீர் கூடக் குடிப்பதில்லை, பாட்டில் அப்படியே வருகிறது. வேனிலிருந்து இறங்கியதும் பையைக் கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுகிறாள் என்று அம்மா குறைப்பட்டுக்கொள்கிறார். பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்பதுதான் பதில். வாட்ஸ்அப் குழுவில் கட்டணத் தேதி, வீட்டுப்பாடம், விழாப் படங்கள் மட்டுமே வருகின்றன. பெற்றோர் கூட்டத்தில் ‘நன்றாகத்தான் படிக்கிறாள், கொஞ்சம் அமைதி’ என்று முடித்துவிட்டார்கள். மேலும் கேட்டால் பிள்ளைமீது கோபத்தைக் காட்டுவார்களோ என்று பயமாக இருக்கிறது. பள்ளியில் என் மகள் எப்படி இருக்கிறாள் என்பதை எனக்கு யார் சொல்வார்கள்?

பதில் (ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை):

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் தண்ணீர் பாட்டில் கண்ணில் பட்டது. பிடிவாதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டாக, போகிற போக்கில் அதை எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காலையில் நிரப்பிய பாட்டில் மாலையில் நிறைந்தே வருகிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் பாத்ரூமுக்கு ஓடுகிறாள். வகுப்பு இந்த ஆண்டுதான் மாடிக்குப் போயிருக்கிறது. இந்த மூன்றையும் எந்தப் பள்ளி ஆயாவிடம் சொன்னாலும் அரை நிமிடத்தில் விடை சொல்லிவிடுவார்: பிள்ளை பள்ளிக் கழிப்பறைக்குப் போவதில்லை, போக வேண்டி வரக் கூடாது என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள். இந்தக் கணக்கெல்லாம் ஏழு வயதில் நன்றாகவே வரும். நாள் முழுவதும் தண்ணீர் இல்லாமல், வருவதையும் அடக்கிக்கொண்டிருந்தால் மலம் இறுகும், சிறுநீர்ப் பாதையில் தொற்று வரலாம், வயிறு வலிக்கும். நான் மருத்துவர் அல்ல. இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சிரப் கொடுத்த டாக்டரிடம் பாட்டில் சங்கதியைச் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அவர் வேறு இரண்டு கேள்வி கேட்டிருப்பார். இந்த வாரமே ஒரு குழந்தை மருத்துவரிடம் இதையெல்லாம் சொல்லிக் காட்டுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை வேண்டுமா என்றும் கேளுங்கள்.

கழிப்பறைக்கு ஏன் போக மறுக்கிறாள் என்பது அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும். நாற்றமாக இருக்கலாம். தண்ணீர் வராமல் இருக்கலாம். மாடியிலிருந்து இறங்கி, பெரிய வகுப்புப் பிள்ளைகளைத் தாண்டிப் போவது அச்சமாக இருக்கலாம். பாடவேளையில் கேட்டால் ‘இப்போதுதானே இடைவேளை விட்டேன்’ என்று ஆசிரியர் கடிந்திருக்கலாம். அதை நானே எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

என் பள்ளியில் ஓராண்டு, இரண்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் கும்பலாகத்தான் கழிப்பறைக்குப் போவார்கள். விளையாட்டுக்காகச் செய்கிறார்கள் என்று நினைத்து, ஒருவர் ஒருவராகப் போகச் சொல்லி அதட்டினேன். அன்றிலிருந்து யாருமே போகவில்லை. பத்து நாள் கழித்து எங்கள் ஆயா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தக் கதவைக் காட்டினார். தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. உள்ளே போட்டால் பெரியவர்களாலேயே எளிதில் திறக்க முடியாது. ஒரு சிறுமி மதிய இடைவேளையில் உள்ளே மாட்டிக்கொண்டு, மணி அடிக்கும் வரை கத்தியிருக்கிறாள். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. மறுநாள் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, கதவில் ஓர் அட்டையைக் கயிறு கட்டித் தொங்கவிட்டோம்: ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. உள்ளே போகிறவள் சிவப்பைத் திருப்பிவிட்டுப் போக வேண்டும். செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை.

பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர் இரண்டும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கின்றன. கேரளத்தில் 2019இல் தண்ணீர் குடிப்பதற்கென்றே ‘வாட்டர் பெல்’ என்று தனி மணி அடிக்கத் தொடங்கினார்கள். பின்னர் நம் மாநிலத்துக்கும் அது வந்தது. நல்ல யோசனைதான். ஆனால் கழிப்பறைக் கதவைச் சரிசெய்யாமல் மணியை மட்டும் அடித்தால் பிள்ளைகள் தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வருவார்கள்.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

யார் சொல்வார்கள் என்றால், சட்டப்படி வகுப்பாசிரியர்தான் சொல்ல வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம், பிள்ளை தொடர்பான மற்ற செய்திகள் எல்லாவற்றையும் தெரிவிப்பது அவற்றில் ஒன்று. அது ஆசிரியர் உங்களுக்குக் காட்டும் சலுகை அல்ல. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்றால் 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவும் உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உதவி பெறாத தனியார் பள்ளிக்கு அந்தக் குழு கட்டாயமில்லை. ஆகவே கட்டணம் கட்டுகிற நீங்கள், கட்டணமே இல்லாத பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த தாயைவிட இந்த ஒன்றில் ஒரு படி கீழேதான் நிற்கிறீர்கள். உங்களுக்குக் கையில் இருப்பது வகுப்பாசிரியரும் டைரியும்தான்.

நடைமுறை என்ன? ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள், கூட்டம் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெற்றோருக்கு மூன்று நிமிடம். தொடக்க வகுப்புக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள், 800 மணி நேரம் என்கிறது அதே சட்டம். அதை மூன்று நிமிடத்துக்குள் அடக்கச் சொன்னால் எந்த ஆசிரியரும் ‘நன்றாகத்தான் படிக்கிறாள்’ என்றுதான் சொல்வார். நானும் அதையேதான் சொன்னேன். நல்ல பிள்ளை, கொஞ்சம் பேச்சு அதிகம், கையெழுத்தைக் கவனியுங்கள் என்று மூன்று வாக்கியம் கைவசம் வைத்திருப்போம். எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும்.

அந்த மூன்று வாக்கியத்தால் நான் கெடுத்த ஒரு பையன் நினைவில் இருக்கிறான். மூன்றாம் வகுப்பு. கரும்பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்தே எழுதுவான். காப்பியடிக்கிறான் என்று நினைத்துக் கடைசி வரிசைக்கு அனுப்பினேன். அப்போது இன்னும் மோசமானான். கூட்டத்துக்கு வந்த அவன் அம்மாவிடம் ‘கவனம் போதாது’ என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பள்ளிக்குக் கண் பரிசோதனைக் குழு வந்தபோதுதான், அவனுக்குப் பலகையின் பெரிய எழுத்து கூடத் தெரியவில்லை என்று புரிந்தது. செய்தி சொல்ல அம்மாவைக் கூப்பிட்டபோது அவர் சாதாரணமாகச் சொன்னார்: ‘வீட்டில் டி.வி.யை மூக்கு இடிக்கிற மாதிரி நின்றுதான் டீச்சர் பார்ப்பான்.’ பாதி செய்தி அவரிடம் இருந்தது, பாதி என்னிடம். அவர் தன் பாதியைச் சொல்லவில்லை, நான் என் பாதியைக் காட்டவில்லை. ஒரு பருவம் முழுக்க அந்தப் பிள்ளை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய இடம் இதுதான், அம்மா. பள்ளி எனக்கு ஒன்றும் சொல்வதில்லை என்கிறீர்கள், சரியான குறைதான். ஆனால் நீங்கள் பள்ளிக்கு என்ன சொன்னீர்கள்? காலை வயிற்று வலியைச் சொன்னீர்களா? பாட்டிலைச் சொன்னீர்களா? அப்பா ஜனவரியில் வெளிநாடு போனதை வகுப்பாசிரியர் அறிவாரா? அறியாதவருக்கு உங்கள் மகள் வெறும் ‘அமைதியான பிள்ளை’தான். தொடக்கப் பள்ளியில் அமைதியான பிள்ளை யார் கண்ணிலும் படமாட்டாள். நாற்பது பேரில் சத்தம் போடுகிறவர்களைச் சமாளிப்பதிலேயே ஆசிரியரின் நாள் போய்விடும்.

கேட்டால் கோபத்தைப் பிள்ளைமீது காட்டுவார்களோ என்ற பயம் பொய்யில்லை. அப்படிச் செய்கிற ஆசிரியர்களையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது, பெற்றோர் நேராகத் தாளாளரிடம் போனபோதும் வாட்ஸ்அப் குழுவில் எல்லார் முன்னாலும் எழுதியபோதும் நடந்தது. குழுவில் உங்கள் பிள்ளையைப் பற்றி ஒரு வரி கூடப் போடாதீர்கள். கழிப்பறைச் சங்கதியை நாற்பது வீட்டில் படிப்பார்கள், மறுநாள் வேனில் அவளைக் கேலி செய்வார்கள். டைரியில் எழுதுங்கள். இப்படி:

‘ஆசிரியருக்கு வணக்கம். ஜூலையிலிருந்து பள்ளி நாட்களில் காலையில் மகளுக்கு வயிறு வலிக்கிறது. தண்ணீர் பாட்டில் குடிக்காமலே வருகிறது. கழிப்பறைக்குப் போகத் தயங்குகிறாளோ என்று நினைக்கிறேன். ஒரு வாரம் மட்டும் இதைக் கவனித்துச் சொல்ல முடியுமா? இடைவேளையில் ஆயா உடன் சென்றால் உதவியாக இருக்கும். அவள் அப்பா ஜனவரியில் வெளிநாட்டு வேலைக்குச் சென்றுவிட்டார். அதையும் உங்களுக்குத் தெரிவித்துவிடலாம் என்று எழுதுகிறேன். எந்த நாளில் ஐந்து நிமிடம் பார்க்கலாம்?’

இதில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. கவனிக்க ஒரு பொருளும் அதற்கு ஒரு வாரக் கெடுவும் இருக்கின்றன. ‘என் மகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதினால் ஆசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துவிடுவார். ‘பாட்டிலைப் பாருங்கள்’ என்றால் மறக்க முடியாது. நாளுக்கு நான்கு முறை அந்தப் பாட்டில் அவர் கண்முன் நிற்கும்.

ஐந்து நிமிடச் சந்திப்புக்கு அரைநாள் விடுப்பு எடுத்தாவது போங்கள். அலுவலகத்தில் மாதக் கணக்கு முடிக்கும் வாரமாக இருந்தால் அம்மாவை அனுப்புங்கள். பாட்டிகள் என்னைவிட நன்றாகக் கேள்வி கேட்பார்கள். போகும்போது மாடியிலிருந்து கழிப்பறை வரை ஒரு முறை நடந்து பாருங்கள். திரும்பும் வழியில் ஆயாவிடம் நின்று இரண்டு வார்த்தை பேசுங்கள். எந்தப் பிள்ளை மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைக்கிறது, எது உடையை நனைத்துக்கொண்டு மூலையில் நிற்கிறது, யார் யாரைக் கிள்ளுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவரைத்தான் எந்தப் பெற்றோர் கூட்டத்துக்கும் யாரும் அழைப்பதில்லை. வேனில் கூட வருகிற அம்மாவும் அப்படியே.

‘ஒன்றுமில்லை’ என்ற பதிலுக்காக மகளைக் கோபிக்காதீர்கள். இரவு ஏழரை மணிக்குக் களைத்து வந்து, ‘இன்று பள்ளியில் என்ன நடந்தது?’ என்று கேட்டால், ஒரு நாளின் அறிக்கையை ஏழு வயதுப் பிள்ளை எங்கிருந்து தொடங்கும்? உங்களை யாராவது ‘இன்று கம்பெனியில் என்ன நடந்தது?’ என்று கேட்டாலும் நீங்கள் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் சொல்வீர்கள். சின்னதாகக் கேளுங்கள். இன்று பக்கத்தில் யார் உட்கார்ந்தது? டிபன் மூடியை யார் திறந்து கொடுத்தது? யார் திட்டு வாங்கியது? மற்றவர் திட்டு வாங்கிய கதையைப் பிள்ளைகள் ஆர்வமாகச் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே தங்கள் கதைக்கும் வந்துவிடுவார்கள். முகத்தைப் பார்த்துக் கேட்காமல், காலையில் இரட்டைச் சடை பின்னும்போது கேட்டால் இன்னும் நல்லது. முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வாய் திறப்பது எளிது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு விளையாட்டு: அவள் டீச்சர், நீங்களும் பாட்டியும் மாணவிகள். நடுவில் நீங்கள் எழுந்து ‘பாத்ரூம் போகணும் மிஸ்’ என்று கேளுங்கள். என்ன குரலில் என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். அப்படியே பள்ளி வீட்டுக்குள் வந்து நிற்கும். ஆனால் பிள்ளைகள் மிகைப்படுத்தியும் நடிப்பார்கள். அதை வைத்து மறுநாள் பள்ளியில் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

ஒன்றை மட்டும் காத்திருக்காமல் செய்ய வேண்டும். அடித்தார்கள், வகுப்பில் எல்லார் முன்னால் அவமானப்படுத்தினார்கள், யாரோ தொட்டார்கள் என்று அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தாலும், உடலில் அதற்கான குறி ஏதும் தெரிந்தாலும், டைரி, ஒரு வாரக் கெடு எதுவும் வேண்டாம். பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்யாமல், சொன்னதை நம்பிக் கேட்டுக்கொண்டு, அன்றே தலைமையாசிரியரைப் பாருங்கள். அங்கே மழுப்பினால் குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. தொட்டார்கள் என்ற சொல் வந்தால் பள்ளியின் பதிலுக்குக் கூடக் காத்திருக்காமல் 1098ஐ அழையுங்கள். உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. அது தனியார் பள்ளிக்கும் பொருந்தும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட முடியாது.

வாட்ஸ்அப் பற்றி ஒன்று. வீட்டுப்பாடம் குழுவில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே வேண்டாம் என்கிறது மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பை கொள்கை. பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. எத்தனை பள்ளிகள் கேட்கின்றன என்பது வேறு கதை. ஆனால் இரவு ஏழரைக்குமேல் உங்களுக்கும் மகளுக்கும் கிடைக்கிற ஒன்றரை மணி நேரத்தை இரண்டு பக்கம் எழுத்துப் பயிற்சி தின்றுவிடுகிறது என்றால், அதையும் அந்த ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள்.

பள்ளி நடத்துகிறவர் யாராவது இதைப் படித்தால் அவருக்காகவும் எழுதுகிறேன். நான் கடைசியாக வேலை பார்த்தது ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. தாய்மார் பாதிப் பேர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். காலை பதினொரு மணிக்குக் கூட்டம் போட்டுவிட்டு, யாருமே வரவில்லை, அக்கறையில்லாத ஜனங்கள் என்று பல ஆண்டு நொந்துகொண்டேன். மாலை ஆறு மணிக்கு மாற்றியபோது இடம் போதவில்லை. அதைவிட நன்றாக வேலை செய்தது ஓர் உடைந்த கரும்பலகை. அதை வாசல் கேட்டில் சாய்த்து வைத்து, தினமும் மூன்று மணிக்கு ஒரு வரி எழுதினோம். ‘இன்று இரண்டாம் வகுப்பில் வெண்டைக்காயை வெட்டி மையில் தோய்த்து அச்சு வைத்தோம். எத்தனை இதழ் வந்தது என்று கேளுங்கள்.’ படிக்கத் தெரியாத தாய்மாருக்குப் பிள்ளைகளே படித்துக் காட்டினார்கள். படித்து முடிப்பதற்குள் ‘ஐந்து’ என்று பதிலும் வந்துவிடும். ஒரு நாள் மறந்து போய் எழுதாமல் விட்டதற்கு, ஒரு பாட்டி என்னிடம் கோபித்துக்கொண்டார். நூறு விழாப் படங்களை அனுப்புகிற பள்ளி, இப்படி ஒரு வரியை அனுப்பலாம். படத்தில் மேடை ஏறிய நான்கு பிள்ளைகள்தான் இருப்பார்கள். உங்கள் மகள் அதில் இருக்கவே மாட்டாள்.

கடைசியாக, அவள் அப்பா. ஜனவரியில் அவர் போனார், ஜூலையில் வலி வந்தது, இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நினைத்திருப்பீர்கள். கழிப்பறைதான் காரணம் என்றாலும், வீட்டில் ஒரு ஆள் குறைந்திருக்கும்போது பிள்ளைகள் புதிதாக ஒரு தொல்லையை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார்கள். அம்மா ஏற்கெனவே அழுகிறாள் என்று அவர்களுக்குத் தெரியும். பாட்டில் காலியாக வரத் தொடங்கியதும் எல்லாம் முடிந்தது என்று டைரியை மூடிவிடாதீர்கள். அவர் விடுமுறையில் எப்போது வருகிறார், எந்தத் தேதியில் திரும்பிப் போகிறார் என்பதை ஒரு வரி முன்கூட்டியே ஆசிரியருக்கு எழுதிவிடுங்கள். அவர் திரும்பிப் போகிற வாரத்தில் வயிற்று வலி ஒரு முறை மறுபடி எட்டிப் பார்க்கலாம்.